தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நாய்க்கு என்ன சுட்டுக் கொடுக்கலாம்?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சேட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று போயர்புல் கலப்பு, 35 கிலோ. இன்னொன்று 5 கிலோ மால்டீஸ். தீபாவளிக்குப் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு போகும்போது, நாய் வளர்க்கிற வீடுகளுக்கு நாய் பிஸ்கட்டும் ஒரு பொட்டலம் வைத்து அனுப்பலாமா? கிறிஸ்துமஸுக்கு என்ன செய்யலாம்? அம்மா புரட்டாசியும் கந்த சஷ்டியும் விடாமல் விரதம் இருப்பவர், முட்டையும் கறியும் அடுப்படிக்குள் வரக்கூடாது, அதற்கு ஏதாவது வழி உண்டா? மாவில் பூண்டு சேர்த்தால் உண்ணி அண்டாது என்கிறார்களே, அது உண்மையா?

தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி. ஓவனும் ஒரு பிசைகிற பாத்திரமும் இருந்தால் போதும். டர்பனில் ஒரு கால்நடை மருத்துவமனையில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் என்பதால் ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சுட்ட நாய் பிஸ்கட்டைத் தின்று எங்களிடம் வந்த நாய்களைவிட, அந்த பிஸ்கட் சுட்ட அன்று அதே மேசையில் இருந்த நம் பலகாரத்தைத் தின்று வந்த நாய்கள்தான் மிக அதிகம். அதனால் நாய் பிஸ்கட்டைப் பலகாரம் சுடும் நாளில் சுடாதே. இரண்டு நாள் முன்னாலோ பின்னாலோ, மேசை காலியாக இருக்கும் நாளில் வைத்துக்கொள். முந்திரியும் திராட்சையும் சாக்லேட்டும் பரப்பிக் கிடக்கிற மேசையில் நாய்க்கும் சேர்த்து மாவு பிசைந்தால், கை தவறி எது எதில் விழும் என்று சொல்ல முடியாது. காலடியில் வாலாட்டிக்கொண்டு நிற்பவனுக்குக் கீழே விழுகிற எல்லாமே பிரசாதம்தான்.

முதலில் பூண்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதுதான் ஆபத்தான நம்பிக்கை. பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சேதப்படுத்தும். சேதப்பட்ட அணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும். தின்ற அன்றைக்கே ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் நாய் சோர்ந்து படுக்கும். வேகவைத்தாலும், பொரித்தாலும், காயவைத்துப் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. பொடியில் இன்னும் செறிவாகத்தான் இருக்கும். இப்போது உண்ணி பக்கம் வா. நம் குவாசூலு நட்டால் மாகாணத்தில் கோடை வந்தால் உண்ணி, உண்ணி வந்தால் பிலியரி என்ற உண்ணிக் காய்ச்சல். பபேசியா என்ற ஒட்டுண்ணி உண்ணிக்கடி வழியாக ரத்தத்துக்குள் போய் அதே சிவப்பணுக்களைத்தான் உடைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பரவுகிற வகை, மற்ற நாடுகளில் இருப்பதைவிடக் கடுமையானது. அப்படியென்றால் உண்ணியை விரட்டுவதற்காக தினம் பூண்டு பிஸ்கட் கொடுப்பவர், பிலியரி வந்தால் எந்த அணுக்கள் கைகொடுக்க வேண்டுமோ அவற்றையே முன்கூட்டிக் குறைத்து வைக்கிறார். உண்ணிக்கு மருத்துவர் தருகிற மாத்திரையோ, முதுகில் விடுகிற சொட்டு மருந்தோ போதும். பூண்டு நம் ரசத்தோடு நிற்கட்டும்.

பிலியரி என்றதும் ஞாபகம் வருவது: டிசம்பரில் நாய் பிஸ்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டால், "பயலுக்கு ருசி பிடிக்கவில்லை" என்று விட்டுவிடாதே. உதட்டைத் தூக்கி ஈறைப் பார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால், சிறுநீர் கறுத்துப் போனால், உடம்பு கொதித்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் வரை பார்க்கலாம் என்பதற்கு இதில் இடமில்லை.

சரி, பிஸ்கட்டுக்கு வருவோம். அம்மாவின் விரதத்துக்குப் பங்கமில்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். 300 கிராம் ஆட்டா மாவு, சப்பாத்திக்குப் போடுவதுதான். 200 கிராம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தோலோடு வேகவைத்து, ஆறியதும் உரித்து, கட்டியில்லாமல் மசித்தது. முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிடம் வை, கொழகொழவென்று ஆகிவிடும், மாவைப் பிடித்துக்கொள்ளும். அதோடு இரண்டு மேசைக்கரண்டி பீநட் பட்டர். உப்பு, சர்க்கரை, நெய், பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டாம். பிஸ்கட் உப்பி வர வேண்டும் என்று நாய் எதிர்பார்க்காது. பூரி மாவுப் பதத்துக்குக் கெட்டியாகப் பிசை. கிழங்கு சில நேரம் நீர்விடும், கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மாவு தூவிக்கொள். மூடி அரைமணி வைத்துவிட்டு, அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் தேய்த்து, நான்கு சென்டிமீட்டர் அகல அச்சில் வெட்டினால் எழுபது பிஸ்கட் வரும். பட்டர்நட் பூசணியிலும் இதையே செய்யலாம், ஆனால் அதில் தண்ணீர் அதிகம் என்பதால் மாவு கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

சுடுவது இரண்டு கட்டம். 160 டிகிரியில் அரைமணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போடு. அப்புறம் சூட்டை 100 டிகிரிக்குக் குறைத்து இன்னொரு ஒரு மணி நேரம். கடைசியில் ஓவனை அணைத்துவிட்டு, கதவை லேசாகத் திறந்து வைத்து, உள்ளேயே ஆறவிடு. இந்த இரண்டாம் கட்டத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்து டப்பாவில் போட்டால், நடுவில் ஈரம் நிற்கும். நம் கடற்கரைக் காற்றில் நான்காம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். ஆறிய பிஸ்கட் ஒன்றை எடுத்து உடைத்துப் பார். படக்கென்று சத்தத்தோடு முறிந்து, உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருந்தால் சரி. வளைந்து கொடுத்து, நடுவில் ஈரமாக ஒரு கோடு தெரிந்தால் மறுபடி உள்ளே வை. கரண்ட் போய் வந்த லோட் ஷெடிங் நாட்களில் இந்த முறை எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. முதல் அரைமணி கரண்ட் இருந்தால் போதும், மிச்சத்தை ஓவனின் சூடே பார்த்துக்கொள்ளும், நேரம்தான் கொஞ்சம் கூடுதலாக ஆகும்.

நன்றாகக் காய்ந்ததைக் காற்றுப் புகாத டின்னில் ஒரு வாரம் வெளியே வைக்கலாம். அதற்கு மேல் ஃப்ரிட்ஜ். மொத்தமாகச் செய்தால் பாதியை ஃப்ரீசரில் போட்டுவிடு, மூன்று மாதம் தாங்கும். பூஞ்சணம் பிடித்த பகுதியைச் சுரண்டிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். சில பூஞ்சணங்களின் நஞ்சு நாயின் நரம்பைத் தாக்கி உடம்பெல்லாம் நடுங்க வைக்கும்.

அதே பூஞ்சண விவகாரத்தில் பீநட் பட்டரையும், மீலி மீல் என்கிற மக்காச்சோள மாவையும் பற்றி ஒரு வார்த்தை. நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரலாம். அது ஈரலைக் கெடுக்கும், நம் ஓவன் சூட்டுக்கு அழியாது. 2011-இல் கௌட்டெங் மாகாணத்தில் அஃப்ளடாக்சின் கலந்த நாய்த் தீனியைத் தின்று ஏராளமான நாய்கள் செத்தன. 2024 பிப்ரவரியில் இதே காரணத்துக்காக மனிதர்கள் சாப்பிடும் பீநட் பட்டரே சில வகைகள் நம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பயந்து ஒதுக்கச் சொல்லவில்லை. அலமாரி மூலையில் கிடக்கும் பழைய கடலையையும், வண்டு விழுந்த மீலி மீலையும் "நாய்க்குத்தானே" என்று தள்ளிவிடாதே என்கிறேன். நமக்கு ஆகாதது அதற்கும் ஆகாது.

பீநட் பட்டர் வாங்கும்போது லேபிளில் இன்னொன்றும் பார். சைலிட்டால். சர்க்கரை சேர்க்காதது என்று விற்கும் சிலவற்றில் இந்த இனிப்பு இருக்கும். சில இடங்களில் பர்ச் சர்க்கரை என்றோ, ஈ 967 என்றோ எழுதியிருப்பார்கள். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நாயின் உடம்போ இதைச் சர்க்கரை என்று நினைத்து இன்சுலினைக் கொட்டிவிடும். ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கி நாய் தள்ளாடும், வலிப்பு வரும். எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 கிராம் போதும். உன் மால்டீஸுக்கு அரை கிராம் என்று ஆகிறது, அது ஒன்றிரண்டு சூயிங்கத்தில் இருக்கிற அளவு. கூடுதலாகப் போனால் ஈரலும் பழுதாகும். கடலையும் வேண்டுமானால் உப்பும் மட்டும் போட்டதையே வாங்கு, உப்பில்லாதது கிடைத்தால் இன்னும் நல்லது.

எத்தனை கொடுக்கலாம் என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஒரு நாளில் நாய்க்குத் தேவையான கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக்கூடாது. நான் சொன்ன அளவில் சுட்டால் ஒரு பிஸ்கட் சுமார் 20 கலோரி. கருத்தடை செய்த, சாதாரணமாக ஓடியாடும் 35 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,600 கலோரி வேண்டும். ஆக, எட்டு பிஸ்கட் வரை. 5 கிலோ மால்டீஸுக்கு மொத்தமே 375 கலோரிதான், அதற்கு ஒன்றரை பிஸ்கட், ரொம்பக் கெஞ்சினால் இரண்டு. வீட்டில் பாட்டி ஒன்று, தாத்தா ஒன்று, பிள்ளைகள் ஆளுக்கொன்று என்று கொடுத்தால் அந்தக் குட்டியின் அன்றைய பங்கு எப்போதோ தாண்டிவிடும். காலையில் அன்றைய பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் என்று சொல்லிவிடு. கிண்ணம் காலியானால் கடை மூடியாச்சு. மால்டீஸுக்கு அச்சையே சின்னதாக, கட்டைவிரல் நக அளவில் வைத்துக்கொள். நாய்க்கு எண்ணிக்கைதான் கணக்கு. அளவைப் பார்த்து அது கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இப்போது மேசை. நம் தீபாவளித் தட்டில் இருப்பவற்றில் நாய்க்கு ஆகாதவை எவை என்று பார்த்தால், பெரும்பாலும் எல்லாமே. வடையில் வெங்காயம். பால் பவுடர் பர்பியிலும் குலாப் ஜாமூனிலும் நெய்யும் சர்க்கரையும். ஒரே நேரத்தில் இவ்வளவு கொழுப்பு உள்ளே போனால் கணையம் வீங்கும். வாந்தி, குனிந்து நிற்கும் வயிற்றுவலி, இரண்டு மூன்று நாள் மருத்துவமனையில் டிரிப். ஷ்னாசர் மாதிரி சில இனங்களுக்கு இது சட்டென்று வரும். ஜாதிக்காய் போட்டது எதுவானாலும் வேண்டாம். மக்கடேமியா நம் தென்கடற்கரையிலேயே விளைகிறது, உலகத்திலேயே அதிகம் விளைவிக்கும் நாடுகளில் நாமும் ஒன்று. அதனால் இப்போதெல்லாம் பர்பி மேலும் பிஸ்கட் உள்ளும் அது வந்துவிடுகிறது. அதைத் தின்ற நாய் பின்னங்கால் துவண்டு எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும். பெரும்பாலும் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றாலும், பார்ப்பவர்களுக்கு உயிர் போய்விடும்.

திராட்சையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சைத் திராட்சை, உலர்ந்த திராட்சை, கிறிஸ்துமஸ் பழக் கேக்கில் போடுவது எல்லாம் சேர்த்துத்தான். நாயின் சிறுநீரகம் சில நாட்களில் செயலிழந்து போகலாம். எவ்வளவு தின்றால் என்று கணக்குச் சொல்ல முடியாது. ஒரு நாய் கை நிறையத் தின்றும் நன்றாக இருக்கும், இன்னொன்று கொஞ்சத்திலேயே விழுந்துவிடும். இதற்கு டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 2021-இல் அமெரிக்காவில் விலங்கு நச்சு மருத்துவர்கள் சொன்னார்கள். பழத்துக்குப் பழம் அந்த அமிலம் கூடும், குறையும், அதனால்தான் கணக்கு நிற்பதில்லை. நமக்கு இதில் என்ன என்றால், அதே அமிலம் க்ரீம் ஆஃப் டார்டாரிலும் இருக்கிறது, புளியிலும் இருக்கிறது. கேக் சுடுபவர்கள் அலமாரியில் க்ரீம் ஆஃப் டார்டார் டப்பா இல்லாத வீடு குறைவு. புளி இல்லாத வீடு நம்மில் இல்லவே இல்லை. நாய் பிஸ்கட்டுக்கு பேக்கிங் பவுடர் வேண்டாம் என்று சொன்னதற்கு இது ஒரு காரணம், சிலவற்றில் அதுவும் சேர்ந்திருக்கும். மீன் குழம்பு ஊற்றிய மிச்சச் சோற்றை நாய்த்தட்டில் கொட்டும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்து. அதில் புளி, வெங்காயம், பூண்டு மூன்றும் இருக்கிறது.

சாக்லேட் எல்லாரும் அறிந்ததுதான், ஆனால் எல்லாச் சாக்லேட்டும் ஒன்றில்லை. பால் சாக்லேட்டில் நஞ்சு குறைவு, கறுப்புச் சாக்லேட்டில் அதைப்போல் இரண்டரை மடங்கு, கோகோ பவுடரில் பத்து மடங்குக்கும் மேல். உன் 5 கிலோ மால்டீஸுக்கு 50 கிராம் பால் சாக்லேட் செய்கிற வேலையை இரண்டு தேக்கரண்டி கோகோ பவுடர் செய்துவிடும். பிஸ்கட்டுக்குப் பழுப்பு நிறம் வேண்டுமென்றால் கேரப் என்ற காயின் பொடி வாங்கிக்கொள், பெரிய கடைகளில் கிடைக்கிறது. மஞ்சள் நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், சிவப்புக்குப் பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறு. நம் பர்பியைப் போலக் கலர் கலராக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் இதோடு சமாளித்துவிடலாம். மேலே வெள்ளையாகப் பூச, மாஸை, அதாவது இங்கே கிடைக்கும் புளித்த பாலை, துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்து கெட்டியானதும் தடவலாம். ஆனால் தடவியதை அன்றே கொடுத்துவிட வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு விரதம் இல்லையென்றால், என் ஓட்டு கோழி ஈரலுக்குத்தான். விலை குறைவு, செய்வது எளிது, வாசனைக்கு எந்த நாயும் சொன்ன பேச்சைக் கேட்கும். 500 கிராம் ஈரலை ஒரு முட்டையோடு மிக்சியில் அடித்து, 200 கிராம் ஓட்ஸைப் பொடித்துக் கலந்து, தாள் விரித்த தட்டில் சன்னமாகப் பரப்பி, 180 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம் வை. நடுவில் சிவப்பு ஈரம் தெரியக்கூடாது. ஆறியதும் ஒரு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் நூற்றுக்கணக்கில் வரும், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கலோரிதான். இது காயாத பண்டம், வெளியே வைக்காதே. ஃப்ரீசரில் போட்டு அன்றன்றைக்கு எடுத்துக்கொள். ஈரலில் வைட்டமின் ஏ அதிகம், அதனால் வருடம் முழுக்க தினமும் என்று ஆக்கிக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குள் அம்மா சம்மதிக்க மாட்டார் என்றால், பின்கட்டில் கறி சமைக்கத் தனி அடுப்பு இருக்கிற வீடுகள் நம்மில் நிறைய. அங்கே ஒரு மூடி போட்ட பாத்திரத்தில் ஈரலை வேகவைத்துத் துண்டு போட்டாலும் போதும். நாய்க்கென்று ஒரு தட்டும் ஒரு கரண்டியும் தனியாக வாங்கி வைத்துவிடு. பூஜைக்கும் விரதத்துக்கும் தனிப் பாத்திரம் வைத்திருக்கும் அம்மாக்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடித்துவிடும்.

ஓவனே இல்லையென்றாலும் வழி உண்டு. மீலி மீலை உப்பில்லாமல் கெட்டியாகக் களி கிண்டி, எண்ணெய் தடவிய தட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, ஆறியதும் துண்டு போட்டு, தோசைக்கல்லில் மெல்லிய தீயில் இரண்டு பக்கமும் காயவிடு. உள்ளே ஈரம் இருக்கும், இரண்டு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். பல் விழுந்த கிழட்டு நாய்களுக்கு கடினமான பிஸ்கட்டைவிட இதுதான் ஏற்றது.

டிசம்பரில் பிராய், அதாவது வெளியில் தணலில் கறி சுடுவது, போடும் வீடுகளுக்குச் சில விஷயம். கறித்துண்டைக் கோத்துச் சுடும் சோசாட்டிக் குச்சியில் கறிச்சாறு ஊறியிருக்கும், நாய் அதை முழுசாக விழுங்கும், குச்சி குடலைக் குத்திவிடும். சுட்ட எலும்பு சிம்பு சிம்பாக உடையும். அப்புறம் மீலி, அதாவது மக்காச்சோளக் கதிர், சுட்டுத் தின்றுவிட்டு எறிகிற கட்டை. குடலில் அடைத்துக்கொண்டு ஆபரேஷன் வரை போகிறவற்றில் மீலிக் கட்டையும் மாங்கொட்டையும் முன்னால் நிற்கும், இரண்டுமே நம் கிறிஸ்துமஸ் காலத்துச் சரக்கு. பில்டாங் என்ற உப்புக்கண்டம் கேட்பாய், அதில் உப்பும் மசாலாவும் அதிகம், வேண்டாம். விருந்தினர் வருவதற்கு முன்னால் குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று பார்ப்பது பிஸ்கட் சுடுவதைவிட முக்கியமான வேலை.

பட்டாசு இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த பிஸ்கட்டின் உண்மையான பயன் அங்கேதான். தீபாவளி, அதையொட்டி வெடி போடும் கை ஃபாக்ஸ் நாளான நவம்பர் 5, அப்புறம் புத்தாண்டு இரவு என்று நம் ஊர் நாய்களுக்கு வருடக்கடைசி முழுக்க இடிதான். பயந்த நாய்க்குத் தின்னக் கொடுத்தால் பயத்துக்கே பரிசு கொடுத்ததாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. பயம் கூலிக்குச் செய்கிற வேலை இல்லை, தீனி கொடுப்பதால் அது வளராது. ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் அடுத்த நொடியே ஒரு துண்டு ஈரல் விழுந்துகொண்டே இருந்தால், சத்தத்தின் மேல் இருக்கும் கிலி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். சின்னத் துண்டுகளாக வெட்டச் சொன்னது இதற்கும்தான், ஓர் இரவில் நாற்பது ஐம்பது துண்டு செலவாகும். மால்டீஸுக்கு அதையும் நான்காக வெட்டிக்கொள். சாயங்காலமே நடத்திவிட்டு வந்து, சாப்பாடு கொடுத்து, தெருப் பக்கம் இல்லாத அறையில் திரையை இழுத்து, டிவியைப் போட்டு வை. அப்போதும் தின்ன மறுத்து எச்சில் வடித்து நடுங்கினால், பயம் தீனியைத் தாண்டிப் போய்விட்டது என்று பொருள். அதற்கு மருந்து இருக்கிறது, ஆனால் பண்டிகைக்கு முன்பே போய்க் கேட்டால்தான் கிடைக்கும்.

அக்கம்பக்கத்துக்கு அனுப்பும் பொட்டலத்துக்கு வருகிறேன். நல்ல எண்ணம்தான், அனுப்பு. ஆனால் பர்பியும் முறுக்கும் வைத்த தட்டிலேயே ஒரு மூலையில் வைக்காதே. வாங்குகிறவர் தட்டை அப்படியே மேசை மேல் வைத்துவிட்டுப் போவார், நாய் தன் பங்கை எடுக்கிற சாக்கில் எல்லாவற்றையும் எடுத்துவிடும். சின்னப் பிள்ளைகள் அதை மனிதர் பலகாரம் என்று தின்பதும் நடக்கும். அதனால் பாதகம் ஒன்றுமில்லை, சப்பென்று இருக்கிறது என்று முகத்தைச் சுளிக்கும், அவ்வளவுதான். தனிப் பையில் போட்டு, ஒரு துண்டுச் சீட்டில் கோதுமை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஆளிவிதை, நிலக்கடலை என்று எழுதிக் கட்டிவிடு. நாய்களுக்கு உணவு ஒவ்வாமை என்றால் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை இவைதான் அடிக்கடி அகப்படும். மருத்துவர் சொன்ன சிறப்புத் தீனியில் இருக்கும் நாய், சர்க்கரை நோய் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ள நாய், கணையம் ஒருமுறை வீங்கிய நாய் என்று எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்பினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவின் காப்பகத்துக்குக் கொடுக்க நினைத்தாலும் அப்படித்தான், முதலில் கேட்டுக்கொள்.

நன்றாக வந்தது என்று அடுத்த வருடம் கிறிஸ்துமஸ் சந்தையில் விற்கலாம் என்று தோன்றும், எல்லாருக்கும் தோன்றும். அன்பளிப்பாகக் கொடுப்பது வேறு, விற்பது வேறு. தென்னாப்பிரிக்காவில் செல்லப்பிராணி உணவு 1947-ஆம் வருடத்து 36-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. விற்பனைக்குச் செய்தால் வேளாண்மைத் துறையில் பதிவு செய்ய வேண்டும், லேபிளுக்கும் விதிகள் உண்டு.

கடைசியாக, எல்லாம் பார்த்தும் நாய் ஏதாவது திருடித் தின்றுவிட்டால்: வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதே. அந்த உப்பே நாயைக் கொன்றுவிடும். தின்றது என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன, இந்த நான்கையும் சொல்லி உடனே மருத்துவமனைக்குப் போன் செய். கவர் இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போ. திராட்சையோ சாக்லேட்டோ தின்று இரண்டு மணி நேரத்துக்குள் போனால் பெரும்பாலும் வாந்தி எடுக்க வைத்தே வெளியேற்றிவிடுவார்கள். நடுங்கினாலும் தள்ளாடினாலும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். டிசம்பர் 25, 26 இரண்டும் பொது விடுமுறை, வழக்கமான மருத்துவர் இருக்க மாட்டார். தீபாவளிக்கு விடுமுறையே கிடையாது என்றாலும் இரவு நேரத்தில் அதே கதைதான். இரவிலும் விடுமுறையிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் பக்கத்தில் எது என்று இன்றைக்கே விசாரித்து, அந்த எண்ணைப் போனிலும் ஃப்ரிட்ஜ் கதவிலும் எழுதி வை. அம்மாவுக்கும் காட்டி வை, நீ கடைக்குப் போயிருக்கும்போதுதான் நாய்க்கு எதுவும் நடக்கும்.